இருபது மாதங்களா, ஒன்பதா?

சென்ற ஆண்டு டிசம்பரில், திருச்சியில் உள்ள ஒரு கருத்தரிப்பு மையத்தில் மருத்துவரைப் பார்த்துவிட்டு வெளியே வந்த எங்களை, பக்கத்தில் இருந்த சிறிய அறையில் உட்காரவைத்து, ஒரு பெண் வழவழப்பான தாள் ஒன்றை மேசைமேல் வைத்தார். முட்டையை உடலுக்கு வெளியே கருவுறச் செய்யும் ஐவிஎஃப் சிகிச்சையின் ஒரு சுற்றுக்கு 1,85,000 ரூபாய் என்றும், ஊசி மருந்துகளுக்கான செலவு தனி என்றும், இரண்டு சுற்றுகளுக்குச் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி உண்டு என்றும் அதில் அச்சிட்டிருந்தது. மருத்துவரின் அறையில் நாங்கள் இருந்தது இருபது நிமிடத்துக்கும் குறைவான நேரம். எனக்கு அப்போது 32 வயது, கணவருக்கு 35. "எவ்வளவு நாளா முயற்சி பண்றீங்க?" என்று கேட்டார்கள், "இருபது மாசமா" என்று நான் சொன்னேன். அதற்குமேல் அந்தக் கேள்வியை யாரும் தோண்டவில்லை. நானும் தோண்டவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும்.

சிகிச்சையைத் தொடங்குவதா, இன்னும் சிறிது காலம் இயற்கையாகவே முயன்று பார்ப்பதா என்ற கேள்வி எங்கள் வீட்டுக்குள் அன்றுதான் நுழைந்தது. அதுவரை இருந்தது வேறு விதமான காத்திருப்பு. அதற்கு முடிவுத் தேதி கிடையாது. மாதம் ஒருமுறை ஏமாற்றம், நடுவில் உறவினர்களின் விசாரிப்பு. திருமண வீடுகளில் என்னைப் பார்க்கும் பெரியம்மாக்கள் குரலைத் தாழ்த்தி, "வயித்துல புழு பூச்சி ஏதாவது உண்டாம்மா?" என்று கேட்பார்கள். பிள்ளையைப் புழு என்றும் பூச்சி என்றும் சொன்னால் கண்பட்டுவிடாது என்ற நம்பிக்கையில் அப்படிக் கேட்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அன்பினால்தான் கேட்கிறார்கள் என்பதும் தெரியும். தெரிந்திருந்தும், மூன்றாம் பந்தியில் சாப்பிட்டுவிட்டு யார் கண்ணிலும் படாமல் வெளியேறும் கலையை நான் அந்த இரண்டு ஆண்டுகளில் நன்றாகக் கற்றுக்கொண்டேன்.

அந்த மையத்தில் எங்களிடம் இரண்டு எண்களைக் காட்டினார்கள். ஒன்று என்னுடையது: முட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான ஏஎம்ஹெச் 1.4. "உங்கள் வயதுக்கு இது குறைவு, முட்டை இருப்புக் கரைந்துகொண்டே போகிறது, தாமதிக்க வேண்டாம்" என்றார்கள். மற்றொன்று கணவருடையது: விந்தணு எண்ணிக்கை ஒரு மில்லி லிட்டருக்கு 1 கோடியே 10 லட்சம், அசைவு 28 சதவீதம். "ஆண் தரப்பிலும் குறை இருப்பதால் ஐயூஐ பயன்படாது, நேராக இக்சிதான்" என்றார்கள். ஐயூஐ என்பது விந்தணுக்களைச் சுத்திகரித்துக் கருப்பைக்குள் நேராகச் செலுத்துவது; இக்சி என்பது ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்திக் கருவுறச் செய்யும் ஐவிஎஃப் முறை. திரும்பும் வழியில் காரில் இருவரும் ஒரு சொல்கூடப் பேசவில்லை. சத்திரம் பேருந்து நிலையத்துப் போக்குவரத்து நெரிசலில் நின்றுகொண்டிருந்தபோது அவர், "அம்மாகிட்ட என்னோட ரிப்போர்ட்டைப் பத்திச் சொல்லாத" என்றார். நான் சொல்லவில்லை. அதன் விளைவாக அடுத்த சில மாதங்களுக்கு அந்த வீட்டில் குறையுள்ளவள் நானாகவே இருந்தேன். அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தப் பதிவு வேறு பாதையில் போய்விடும்.

நான் ஆயுள் காப்பீட்டுத் துறையில் வேலை பார்க்கிறேன். வயது, காலம், நிகழ்தகவு ஆகிய மூன்றையும் வைத்துப் போடும் அட்டவணைகளோடு பன்னிரண்டு ஆண்டுகளாக வாழ்பவள். கிளைக்கு வருகிறவர்கள் இரண்டு எண்களை மட்டும் கேட்டுக் கையெழுத்துப் போட முற்பட்டால், "வீட்டுக்கு எடுத்துப் போய் முழுவதையும் படித்துவிட்டு வாருங்கள்" என்று சொல்வது என் வழக்கம். இந்த விஷயத்தில் அந்த அறிவுரையை நானே எனக்குச் சொல்லிக்கொள்ள மூன்று வாரங்கள் ஆயின. பணத்தைப் பொறுத்தவரை எனக்கு மயக்கம் எதுவும் இருக்கவில்லை. நம் நாட்டின் பெரும்பாலான மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகளில் கருத்தரிப்பு சிகிச்சை நிலையான விலக்குப் பட்டியலில் இருக்கிறது; அந்த விலக்கின் எண் 17 என்பதுகூட எனக்கு மனப்பாடம். ஆக, செலவாகும் ஒவ்வொரு ரூபாயும் எங்கள் சேமிப்பிலிருந்துதான் போக வேண்டும்.

ஜனவரியில், அரசு மருத்துவமனையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒரு மூத்த மகப்பேறு மருத்துவரிடம் போனோம். அவரிடம் வழவழப்பான தாள் எதுவும் இல்லை. கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, முதலில் என் கணவரிடம், "இந்தப் பரிசோதனைக்கு முன்னால் உங்களுக்குக் காய்ச்சல் ஏதாவது வந்ததா?" என்று கேட்டார். வந்திருந்தது. அக்டோபரில் அவருக்கு டெங்கு. ஐந்து நாள் 103 டிகிரி. அந்த மையத்தில் யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லத் தோன்றாமல் இருந்துவிட்டோம். ஒரு விந்தணு உருவாகி முதிர்வதற்கு ஏறத்தாழ 74 நாட்கள் பிடிக்கும் என்றும், கடுங்காய்ச்சல் வந்தால் அடுத்த இரண்டு மூன்று மாதங்களுக்கு எண்ணிக்கையும் அசைவும் சரிந்து பின்பு மீளக்கூடும் என்றும், அதனால் ஒரு பரிசோதனையில் குறை தெரிந்தால் மூன்று மாதம் விட்டு மறுபடி எடுக்காமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது என்றும் அவர் விளக்கினார். மார்ச்சில் மறுபடி எடுத்தோம்: எண்ணிக்கை 3 கோடியே 40 லட்சம், அசைவு 44 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டின்படி கீழ் எல்லைகள் 1 கோடியே 60 லட்சமும் 42 சதவீதமும். அந்த எல்லையைக்கூட ஆண்மையின் தேர்ச்சி மதிப்பெண்ணாக எண்ணக்கூடாது என்றார் அவர். ஓராண்டுக்குள் மனைவி கருவுற்ற ஆண்களை அளந்து, அவர்களில் மிகக் கீழே இருக்கும் நூற்றுக்கு ஐந்து பேரைப் பிரிக்கும் கோட்டைத்தான் எல்லை என்று வைத்திருக்கிறார்கள். ஆகவே அந்தக் கோட்டுக்குக் கீழேயும் தகப்பன்மார் இருக்கிறார்கள்.

என் ஏஎம்ஹெச் எண்ணையும் அவர் வேறு விதமாகப் படித்தார். ஊசி போட்டால் எத்தனை முட்டைகள் கிடைக்கும் என்று கணிக்கத்தான் அந்த எண் உதவும். மாதம் ஒரு முட்டை வெளிவரும் பெண் இயற்கையாகக் கருத்தரிப்பாளா என்பதை அது சொல்லாது. 2017இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஆய்வில், குழந்தையின்மைச் சிக்கல் இல்லாத, 30 முதல் 44 வயதுக்குட்பட்ட 750 பெண்களைக் கவனித்துப் பார்த்ததில், ஏஎம்ஹெச் குறைந்திருந்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகக் கருத்தரிக்கவில்லை என்று கண்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து அதைத் தேடிப் படித்தபோது, டிசம்பர் முழுவதும் அந்த ஓர் எண்ணுக்காக நான் அழுத அழுகை நினைவுக்கு வந்தது. பிப்ரவரியில் கருக்குழாய்களில் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள், வலித்தது, இரண்டு குழாய்களும் திறந்தே இருந்தன. தைராய்டு சரி. கருமுட்டை மாதந்தோறும் வெளிவருகிறது என்பதும் உறுதியானது.

இவற்றுக்கெல்லாம் பிறகு எங்கள் கோப்பில் எழுதப்பட்டது, "காரணம் அறியப்படாத குழந்தையின்மை" என்ற சொல். விசித்திரமான சொல் அது. நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று அதைக் கேட்பவருக்கு விளங்காது. எங்கே அடைப்பு இருக்கிறது என்று தெரிந்தால் அதைச் சரிசெய்யலாம். அடைப்பே இல்லை என்று சொல்லிவிட்டுக் கதவு மட்டும் திறக்காமல் இருந்தால் யாரிடம் போய்ச் சண்டையிடுவது?

இங்கேதான் அந்த மருத்துவர் மற்றொரு கேள்வியைக் கேட்டார். "நீங்க திருச்சி, இவர் ஓசூர்னு எழுதியிருக்கே. சேர்ந்தா இருக்கீங்க?"

சேர்ந்து இருக்கவில்லை. கணவருக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. எனக்குத் திருச்சியில் கிளை அலுவலகம். அவருடைய அம்மா, அதாவது என் அத்தை, திருச்சியில் எங்களோடு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவர் இரவுப் பேருந்து பிடித்துச் சனிக்கிழமை காலையில் வருவார். ஞாயிறு இரவு திரும்பிவிடுவார். திருமணமான நாளிலிருந்து இப்படித்தான். எங்கள் தெருவில் மட்டும் இப்படி வாழும் நான்கு குடும்பங்கள் இருப்பதால், இதில் ஏதோ விசேஷம் இருப்பதாகவே எனக்குத் தோன்றியதில்லை. மருத்துவர் என் கையில் ஒரு வேலையைக் கொடுத்து அனுப்பினார்: முயற்சி தொடங்கிய 2023 ஏப்ரல் முதல் எந்த மாதம் எந்த நாட்களில் இருவரும் ஒரே ஊரில் இருந்தீர்கள் என்று எழுதி வாருங்கள்.

அன்றிரவு என் நாட்குறிப்பையும், மாதவிலக்குத் தேதிகளைக் குறித்து வைத்திருந்த கைபேசியையும், அவருடைய பேருந்து முன்பதிவுக் குறுஞ்செய்திகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு மாதச் சுழற்சியில் கருத்தரிக்க இயலும் நாட்கள் மொத்தம் ஆறுதான்: முட்டை வெளிவரும் நாளும், அதற்கு முந்தைய ஐந்து நாட்களும். விந்தணு ஐந்து நாள் வரை உயிரோடு காத்திருக்கும்; வெளிவந்த முட்டைக்கு ஒரு நாள் ஆயுள்கூட நிச்சயமில்லை. 1995இல் அமெரிக்காவில் 221 பெண்களின் சிறுநீர் மாதிரிகளை நாள்தோறும் சோதித்து இதைக் கண்டறிந்தார்கள். அந்த முட்டை வெளிவந்து ஏறத்தாழ 14 நாட்களில் அடுத்த மாதவிலக்கு வரும் என்பதால், கடந்துபோன மாதங்களுக்குப் பின்னோக்கிக் கழித்துப் பார்ப்பது எளிது. எனக்குச் சுழற்சி 32 நாள். எனவே 20 மாதங்களில் எனக்கு வந்தவை 19 சுழற்சிகள். அந்தப் பத்தொன்பதில், ஆறு நாட்களில் ஒரு நாளாவது நாங்கள் ஒரே கூரையின் கீழ் இருந்தவை ஒன்பது. அந்த ஒன்பதிலும் சில மாதங்களில், ஆறு நாட்களில் வாய்ப்பு மிகக் குறைந்த முதல் நாளில்தான் அவர் வந்திருந்தார். ஒரு மாதம் அவர் வந்து சேர்ந்த அன்று என் சித்தப்பா மகளின் வளைகாப்பு. இருவரும் கும்பகோணத்தில் பாயில் ஆளுக்கொரு கூடத்தில் படுத்திருந்தோம். அதையும் வெட்கத்தோடு குறித்துக்கொண்டேன். ஆனால் ஒன்பது என்ற எண்ணை அப்படியே விட்டேன். கணக்கில் கஞ்சத்தனம் காட்டினால் அதற்கும் முடிவிருக்காது.

எங்கள் துறையிலும் இப்படி நடப்பதுண்டு. இருபது ஆண்டுகளுக்கு முன்பு எடுத்த பாலிசி என்று ஒருவர் பெருமையோடு கொண்டுவந்து கொடுப்பார்; கணினியில் பார்த்தால், நடுவில் பாதி ஆண்டுகள் பிரீமியம் கட்டாமல் காலாவதியாகிக் கிடந்திருக்கும். பாலிசியின் வயது வேறு, அது நடப்பில் இருந்த காலம் வேறு. "இருபது மாசமா முயற்சி பண்றோம்" என்று டிசம்பரில் நான் சொன்னது, அப்படியொரு பாலிசியின் வயது.

இந்த வேறுபாடு எங்களுக்கு ஏன் அவ்வளவு பெரிதாகப் பட்டது என்றால், சிகிச்சையா காத்திருப்பா என்ற கேள்விக்கான விடையே அந்த எண்ணைப் பொறுத்துத்தான் மாறுகிறது. ஓராண்டுக் காலம் தடையின்றி, ஒழுங்கான இடைவெளியில் உறவு கொண்டும் கரு உண்டாகவில்லை என்றால்தான் அதைக் குழந்தையின்மை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி, இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை உறவு என்று அந்த ஒழுங்கை விளக்குகிறது. அப்படி இருந்தால், பெண்ணுக்கு 40 வயதுக்குள் இருக்கும் தம்பதியரில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் ஓராண்டில் கருத்தரிக்கிறார்கள் என்றும், மீதமுள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இரண்டாம் ஆண்டில் கருத்தரிக்கிறார்கள் என்றும் சொல்கிறது. நாங்கள் முதல் ஆண்டையே முழுதாக முடிக்கவில்லை.

மருத்துவர் எங்களுக்கு இரண்டு ஆய்வுகளைப் பற்றிச் சொன்னார். இரண்டும் ஒரே கேள்வியைக் கேட்டு எதிரெதிர் விடைகளைப் பெற்றவை. நெதர்லாந்தில், காரணம் அறியப்படாத குழந்தையின்மை உள்ளவர்களாகவும், அடுத்த ஓராண்டில் தாமாகக் கருத்தரிக்கும் வாய்ப்பு 30 முதல் 40 சதவீதம் என்று கணிக்கப்பட்டவர்களாகவும் இருந்த 253 தம்பதியரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஊசியோடு ஐயூஐ செய்தார்கள்; மறு பாதியை ஆறு மாதம் சும்மா காத்திருக்கச் சொன்னார்கள். சிகிச்சை பெற்றவர்களில் 23 சதவீதத்தினருக்கும் காத்திருந்தவர்களில் 27 சதவீதத்தினருக்கும் கரு நிலைத்தது. அதாவது சும்மா இருந்தவர்கள் எதையும் இழக்கவில்லை. 2006இல் லான்செட் இதழில் அது வந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, அதே இதழில் நியூசிலாந்திலிருந்து வந்த ஆய்வு வேறு கதை சொன்னது: 201 தம்பதியர், மூன்று மாதவிலக்குச் சுழற்சிகள், மாத்திரையோடு ஐயூஐ செய்துகொண்டவர்களில் 31 சதவீதத்தினர் குழந்தை பெற்றார்கள், காத்திருந்தவர்களில் 9 சதவீதத்தினர் மட்டுமே பெற்றார்கள்.

"எதை நம்புவது?" என்று என் கணவர் கேட்டார். இரண்டையும் நம்பலாம் என்றார் அவர். நியூசிலாந்து ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள், தாமாகக் கருத்தரிக்கும் வாய்ப்பு 30 சதவீதத்துக்கும் கீழே என்று கணிக்கப்பட்டவர்கள். அந்தக் கணிப்பில் பெண்ணின் வயது, விந்தணுவின் அசைவு ஆகியவற்றோடு, எத்தனை காலமாக முயல்கிறார்கள் என்பதும் முக்கியமான ஓர் உறுப்பு. காலம் கூடக்கூட, தாமாக நிகழும் என்ற எதிர்பார்ப்பு தேய்கிறது. ஆகவே எங்கள் காலத்தை இருபது மாதம் என்று எழுதினால் நாங்கள் நியூசிலாந்தின் பக்கம் சாய்கிறோம். ஒன்பது என்று எழுதினால் நெதர்லாந்தின் பக்கம் வந்துவிடுகிறோம். ஒரே உடல்கள், ஒரே அறிக்கைகள். ஒரு எண்ணை எப்படி எண்ணினோம் என்பதில் முடிவு புரண்டுவிடுகிறது. வேறொருவருக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் இந்த நிலையில் இருக்கும் யாராவது இதைப் படித்தால், மருத்துவரிடம் மாதக் கணக்கைச் சொல்வதற்கு முன்பு ஓர் இரவு உட்கார்ந்து உண்மையாக எண்ணிப் பாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்வேன். வெளிநாட்டில் கணவரும் ஊரில் மனைவியுமாக வாழும் எத்தனை குடும்பங்களில் "அஞ்சு வருஷமாகுது" என்ற கணக்கு விடுமுறை நாட்களின் கூட்டுத்தொகையாக இருக்கும் என்று நான் இப்போதெல்லாம் யோசிக்கிறேன்.

ஒன்பது என்ற எண் கிடைத்த மகிழ்ச்சியில் நான் சற்று மிதந்தேன் என்பது உண்மை. மருத்துவர்தான் இறக்கிவிட்டார். "முயற்சி ஒன்பது மாசம்தான், ஆனா உங்க வயசு இருபது மாசமும் ஓடியிருக்கு, அதை மறந்துடாதீங்க" என்றார். காலாவதியான பாலிசியைப் புதுப்பிக்க வருகிறவரிடம் நாங்கள் சொல்லும் அதே வாசகம். வயதைப் பற்றிய ஒரு கணக்கை நானே தேடிப் பிடித்தேன். 2004இல் பிரெஞ்சு மக்கள்தொகை ஆய்வாளர் ஒருவர் கணித மாதிரி ஒன்றின் வழியே போட்டது அது: 30 வயதில் முயலத் தொடங்கும் பெண்களில் 75 சதவீதத்தினருக்கும், 35இல் தொடங்குவோரில் 66 சதவீதத்தினருக்கும், 40இல் தொடங்குவோரில் 44 சதவீதத்தினருக்கும், குழந்தைப் பேற்றில் முடியும் கரு ஓராண்டுக்குள் தங்குகிறது. அதைவிட என்னை உறுத்தியது அதன் இரண்டாம் பகுதி. 30இலிருந்து 35க்குத் தள்ளிப் போடுவதால் இழக்கும் பிறப்புகளில் பாதியை மட்டுமே செயற்கைக் கருத்தரிப்பால் ஈடுகட்ட முடியும். 35இலிருந்து 40க்குத் தள்ளிப் போட்டால் முப்பது சதவீதம்கூட முடியாது. "எப்போதும் ஐவிஎஃப் இருக்கிறதே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற எண்ணம் தவறு என்று எனக்குப் புரிந்தது அங்கேதான்.

காத்திருப்பின் விலையை எனக்குக் காட்டியது அந்த அட்டவணை மட்டுமன்று. எங்கள் அலுவலகத்தில் என் மேசைக்கு எதிரே அமர்ந்திருந்த ஓர் அக்கா, எட்டு ஆண்டுகள் காத்திருந்தார். சோதனைக்குப் போகலாம் என்று அவர் சொன்னபோதெல்லாம் வீட்டில், "எல்லாம் நடக்கிற நேரத்துல நடக்கும்" என்றார்கள். 37 வயதில் முதன்முதலாகச் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தபோது இரண்டு கருக்குழாய்களும் அடைத்திருந்தன. எப்போதோ வந்து தெரியாமலே போன காசநோயின் தடம் என்றார்கள். நம் நாட்டில் அது அரிதான காரணமும் அன்று. அந்த எட்டு ஆண்டுகளில் ஒரு மாதத்தில்கூட அவருக்கு வாய்ப்பு இருந்திருக்காது. சிகிச்சையைத் தள்ளிப் போடுவதும் சோதனையைத் தள்ளிப் போடுவதும் ஒன்றில்லை என்பதை அந்த அக்காவின் அனுபவத்திலிருந்தே நான் கற்றேன். பெண்ணுக்கு 35 வயது ஆகிவிட்டால் ஆறு மாதத்திலேயே சோதனைக்குப் போக வேண்டும் என்பது பொதுவான மருத்துவ அறிவுரை. அதற்குள் இருந்தால் ஓராண்டு. சோதனைகள் கையில் இருந்தபடியால்தான் எங்களால் துணிந்து காத்திருக்க முடிந்தது.

கோயில் பக்கமும் நாங்கள் போகாமல் இல்லை. 2024 ஆடியில் அத்தை எங்களைத் திருக்கருகாவூருக்கு அழைத்துப் போனார். பாபநாசத்துக்குப் பக்கத்தில், வெட்டாற்றங்கரையில் இருக்கும் அந்தக் கோயிலில் கர்ப்பரட்சாம்பிகையின் பாதத்தில் வைத்து மந்திரித்துத் தரும் நெய்யை, கணவனும் மனைவியும் 48 நாட்கள் இரவில் சிறிது உண்ண வேண்டும். நாங்கள் அந்த நெய்யை இரண்டு புட்டிகளில் பிரித்து, ஒன்றைத் திருச்சியில் வைத்துக்கொண்டு, மற்றொன்றை ஓசூருக்குக் கொடுத்தனுப்பினோம். இரவு ஒன்பதரை மணிக்குக் கைபேசியில் பேசிக்கொண்டே ஆளுக்கொரு ஊரில் நெய் சாப்பிட்டோம். ஒரு நாள்கூட விடவில்லை. அதில் இருந்த வேடிக்கை எங்கள் மூவரில் ஒருவருக்கும் அப்போது உறைக்கவில்லை. மருத்துவர் கொடுத்த கணக்கை முடித்த இரவில்தான் அந்தப் புட்டிகள் நினைவுக்கு வந்து, நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அரச மரத்தைச் சுற்றிவந்து அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம் என்ற பழமொழி, பொறுமையில்லாதவளைக் கேலி செய்யச் சொல்வது. எங்கள் கதையில் அவள் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள், மரத்தைச் சுற்றத்தான் பாதி நாட்கள் வரவில்லை.

முடிவு ஒரே இரவில் வந்துவிடவில்லை. கணவருக்கு டிசம்பரிலிருந்தே ஒரு பதற்றம் இருந்தது. தன் முதல் அறிக்கையைப் பார்த்த அதிர்ச்சியில், பணத்தைக் கட்டிவிட்டால் ஏதோ செய்துகொண்டிருக்கிறோம் என்ற நிம்மதியாவது கிடைக்கும் என்று அவர் எண்ணினார். மார்ச்சில் வந்த இரண்டாம் அறிக்கைக்குப் பிறகும் அந்தப் பதற்றம் முழுதாக அடங்கவில்லை. எனக்கோ ஊசிகளை நினைத்துப் பயம். பத்து நாளுக்கு மேல் தினமும் வயிற்றில் ஊசி, அதற்கு உடல் மிகையாக எதிர்வினை காட்டினால் வயிறு வீங்கி மருத்துவமனையில் சேர வேண்டிய அபாயம், மயக்க மருந்து கொடுத்து முட்டையை எடுப்பது என்று ஒவ்வொன்றையும் படித்துப் படித்து அஞ்சினேன். அவருடைய பதற்றமும் என் பயமும் முடிவெடுக்கத் தகுந்த காரணங்கள் அல்ல என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள எங்களுக்கு இரண்டு சண்டைகள் தேவைப்பட்டன. இரண்டாவது சண்டை கைபேசியில் நடந்தது. அவர் ஷிஃப்ட் முடிந்து தொழிற்சாலைப் பேருந்துக்குக் காத்திருந்த நேரத்தில். அங்கேதான் அவர், "ஒண்ணே முக்கால் லட்சத்தைக் கொடுத்துக் குழந்தைய வாங்கப் போறோம், ஒரே வீட்ல இருக்க மட்டும் நமக்கு வழி தெரியல" என்றார். தொகையைப் பத்தாயிரம் குறைத்துச் சொன்னார் என்றாலும், அன்று பேசியவற்றில் சரியான வாக்கியம் அதுதான்.

நான் ஓசூருக்கு இடமாற்றம் கேட்டேன். பொது இடமாற்றக் காலத்தில், மே மாத இறுதியில் ஆணை வந்தது. அதற்கு ஒரு விலை இருந்தது: அத்தை திருச்சியில் தனியே இருக்கிறார், பகலில் துணைக்கு ஒரு பெண் வந்து போகிறார், எனக்குக் கிடைக்கவிருந்த பதவி உயர்வு அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப் போய்விட்டது. அத்தையிடம் இடமாற்றத்துக்கான காரணத்தைச் சொன்ன அன்றுதான், கணவர் தன் முதல் அறிக்கையைப் பற்றியும் தானாகவே சொன்னார். அத்தை வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இத்தனை நாள் அந்தப் பொண்ண ஏண்டா பேச்சு வாங்க வச்ச?" என்று கேட்டார். அவர் என்னிடம் நேராக எதுவும் சொல்லவில்லை. நான் ஓசூருக்குக் கிளம்பிய அன்று, எனக்குப் பிடித்த மாவடுவை ஒரு ஜாடி நிறையக் கட்டிக் கொடுத்தார்.

ஜூன் முதல் தேதியிலிருந்து கணக்கு புதிதாகத் தொடங்கியது. ஆறு மாதம் என்று வைத்துக்கொண்டோம். ஏன் ஆறு என்றால், நெதர்லாந்து ஆய்வில் காத்திருந்தவர்களும் அவ்வளவு காலம்தான் காத்திருந்தார்கள். அதோடு நவம்பர் முடியும்போது எனக்கு 33 வயதே ஆகியிருக்கும், 35க்கு இன்னும் இடம் இருக்கும். தேதி போடாமல் காத்திருப்பதில்லை என்பதில் இருவரும் உறுதியாக இருந்தோம். அந்த ஆறு நாட்களைக் குறிவைத்து அட்டவணை போட வேண்டாம், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை என்று இருந்தால் அவை தாமாகவே உள்ளடங்கிவிடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். முதல் மாதம் அதைக் கேட்காமல், முட்டை வெளிவரும் நாளைக் காட்டும் சோதனைக் குச்சிகள் வாங்கினேன். ஒரு விடியற்காலையில், இரவு ஷிஃப்ட் முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்த மனிதரை எழுப்பி இரண்டு கோடுகளைக் காட்டினேன். அவர் பார்த்த பார்வைக்குப் பிறகு குச்சிகளை நிறுத்திவிட்டேன்.

இப்போது ஐப்பசி. ஐந்து சுழற்சிகள் கடந்துவிட்டன. ஐந்திலும் மாதவிலக்கு வந்தது. ஆகஸ்டில் மட்டும் நாள் நான்கு தள்ளிப் போய், பிறகு வந்தது. அந்த நான்கு நாட்களைப் பற்றி எழுத எனக்கு இப்போது விருப்பமில்லை. போன வாரம் கந்த சஷ்டிக்கு அத்தை ஓசூருக்கு வந்து எங்களோடு தங்கி விரதம் இருந்தார். சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்று அவர் சொல்ல, சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்று நான் படித்திருப்பதாகச் சொன்னேன். இரண்டும் ஒன்றுதான் என்று அவர் முடித்துவிட்டார். நான் ஆறாம் நாள் மட்டும் விரதம் இருந்தேன். அவர் எங்களுக்காக ஆறு நாளும் பாலும் பழமுமாக இருந்தார்.

மருத்துவரிடம் போன மாதம் கைபேசியில் பேசினேன். நவம்பரில் கரு தங்காவிட்டால், டிசம்பரில் வரும் மாதவிலக்கின் மூன்றாம் நாளிலிருந்து ஐந்து நாட்களுக்கு லெட்ரோசோல் மாத்திரை, பிறகு ஸ்கேன், பிறகு ஐயூஐ. மாத்திரையின் பெயரைக் கணவர் இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு, இது மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுப்பதல்லவா என்று திகைத்தார். ஆம், அதற்காகத்தான் அது முதலில் வந்தது. நம் அரசு 2011இல் அதைக் கருத்தரிப்பு சிகிச்சைக்குப் பயன்படுத்தத் தடைகூட விதித்து, 2017இல் அந்தத் தடையை விலக்கிக்கொண்டது என்று அவருக்கு விளக்கினேன். இந்த ஓராண்டில் நான் எத்தனை விஷயங்களைப் படித்திருக்கிறேன் என்று அவர் வியந்தார். வேறு வழியில்லாமல் படித்தது அது.

ஜூன் மாதத்தில் எங்கள் முடிவை ஒரு தாளில் எழுதிக் கோப்பில் வைத்தோம். நவம்பர் 30 வரை இயற்கையான முயற்சி. அதன்பின் மூன்று ஐயூஐ, நான்காவது இல்லை. அதற்குப் பின்னும் தேவைப்பட்டால், ஐவிஎஃப் பற்றி ஒரு மாத இடைவெளி விட்டு மறுபடி உட்கார்ந்து பேசுவது. அதுவும் 2021ஆம் ஆண்டு செயற்கைக் கருத்தரிப்புச் சட்டத்தின்படி பதிவு பெற்ற மையமா என்று பார்த்து, இரண்டாவது மருத்துவரிடமும் கேட்ட பிறகு. ஒருவர் போதும் என்று சொன்னால் மற்றவர் வற்புறுத்துவதில்லை. மொத்தம் பதினொரு வரிகள். கீழே இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். என் தொழில் பழக்கத்தில், சாட்சிக் கையெழுத்துக்கென்று இரண்டு கோடுகளையும் நான் போட்டு வைத்திருந்தேன். அவர் பேனாவை வாங்கி அந்த இரண்டையும் அடித்துவிட்டார்.